குடை விரியவில்லை

குடை என்பது என் மகள் வைத்த பெயர். எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கிற பவளம் அது. கடையில் அதை டோட்ஸ்டூல் லெதர் என்பார்கள். காளான் போல ஒரு தண்டு, மேலே தட்டையான தொப்பி, தொப்பி முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் மாதிரி நீட்டிக்கொண்டு ஆடும் பொலிப்புகள். தன் ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சேர்ந்த காசில் மகள் தானே பார்த்து வாங்கியது. அப்போது ஐம்பது பென்ஸ் குத்தி அளவுதான் இருந்தது. ஒரு வருசத்தில் என் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

பெப்ரவரிக் கடைசியில் ஒருநாள் அது மூடிக்கொண்டது.

முதலில் நான் கவலைப்படவில்லை. லெதர் வகைப் பவளம் இடைக்கிடை மூடும். தோல் உரிக்கிறது என்று சொல்வோம். தொப்பிக்கு மேலே மெழுகு பூசினது போல ஒரு மினுக்கம் வரும், சில நாள் பொலிப் ஒன்றையும் வெளியே காட்டாது. பிறகு அந்தப் படலம் கழன்று தண்ணீரோடு போகும், முன்னையைவிட வடிவாக விரியும். மேலே படிகிற பாசியையும் தூசியையும் கழற்றி எறிய அதுக்குத் தெரிந்த வழி அது. புதிதாக வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து எதையாவது செய்யப்போய்த்தான் கெடுப்பார்கள். "உடுப்பு மாத்துது, விடு" என்று மகளுக்குச் சொன்னேன்.

இரண்டு கிழமை போனது. மினுக்கமும் இல்லை, படலமும் கழரவில்லை. தொப்பி சுருங்கிப் பாதியாகி, ஓரங்கள் உள்ளே மடிந்து, தண்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மண்ணிறமாக இருந்தது வெளிறிக்கொண்டு வந்தது. தோல் உரிக்கிற பவளம் மூடியிருந்தாலும் விறைப்பாக நிற்கும். இது துவண்டு கிடந்தது.

எங்களோடு இருக்கும் அம்மா வந்து எட்டிப் பார்த்தா. "முருகைக்கல்தானேடி இது? கல்லுக்கு என்ன வருத்தம்?" அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவ. நெடுந்தீவில் வேலி மதில்களெல்லாம் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்தவ. முருகை என்றால் அவவுக்கு மதில்தான். அந்தக் கல்லைக் கட்டினதே உயிர்கள்தான் என்றும், இது அந்தக் குடும்பத்தில் கல் கட்டாத கிளை, சதைக்குள்ளே நுண்ணிய சுண்ணாம்புச் சிம்புகள் மட்டும்தான் இருக்கு என்றும் விளங்கப்படுத்தினேன். "அப்ப இது எலும்பில்லாத முருகை" என்றா. சரிதான்.

அன்று இரவு மகள் படுக்கப்போக முதல் வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, நான் முந்தி நிறையச் சாப்பாடு போட்டதாலயா?"

"இருக்கலாம்" என்றேன். கையில் டெஸ்ட் குழாயை வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. ஜனவரியில் கற்களிலே பச்சைப் பாசி முடி மாதிரி வளர்ந்திருந்தது. தொட்டிக்குச் சாப்பாடு போடுவது மகளின் வேலை. உறைந்த இறால் கட்டியைச் சின்னக் கோப்பையில் கரைத்துக் காலையும் பின்னேரமும் போடுவாள். எனக்குத் தெரியாமல் இடையிலும் கொஞ்சம் போடுவாள் என்று எனக்குத் தெரியும். பாசியைக் கண்ட அன்று, அம்மாவுக்கு முன்னாலேயே, "நீ அள்ளிக் கொட்டுறதாலதான் தொட்டி நாறுது" என்று கத்திவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை அவளுக்கு எட்டாத மேல் தட்டுக்கு மாற்றினேன். பொஸ்பேட்டை உறிஞ்சுகிற மணிகள் வாங்கிப் போட்டேன். துருப்பிடித்த இரும்பு நிறத்தில் இருக்கும், உண்மையிலும் இரும்பில் செய்வதுதான். ஸ்கிம்மரைக் கூட்டிவைத்தேன். இரண்டு கோமாளி மீனுக்கும் இரண்டு நாளுக்கு ஒருதரம் சாப்பாடு. பெப்ரவரி நடுவில் கற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. எனக்கு ஒரே பெருமை.

ஆகவே பவளம் மூடினபோது, பழைய குப்பையின் மிச்சம்தான் காரணம் என்று என் மனம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. மற்றதெல்லாம் அந்தத் தீர்மானத்தோடு செய்த வேலை.

முதலில் உப்பைப் பார்த்தேன். இதில் ஒரு பிழை அகப்பட்டது. உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரை நான் எப்போதும் வெறும் தண்ணீரை விட்டுப் பூச்சியத்துக்குச் சரிசெய்வேன். பூச்சியத்தில் சரியாக இருக்கிற கருவி 35-இல் சரியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கடல்நீர் அளவுக்கே செய்த 35 பிபிடி கரைசலை வாங்கி விட்டுப் பார்த்தால் கருவி 37 காட்டியது. அதாவது நான் 35 என்று நினைத்து வைத்திருந்த தண்ணீர் உண்மையில் 33. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஆனால் அந்தக் கருவியோடுதான் ஒரு வருசமாகக் குடை நன்றாக வளர்ந்தது. மெதுவாக ஒரு கிழமையில் 35-க்குக் கொண்டுவந்தேன். குடை அசையவில்லை.

பிறகு கார்பனை மாற்றினேன். லெதர் பவளங்கள் பக்கத்து வீட்டுக்காரரை அண்டவிடாமல் ஒருவித இரசாயனத்தைத் தண்ணீரில் விடும், மற்றப் பவளங்களும் பதிலுக்கு ஏதாவது விடும். கார்பன் அதை உறிஞ்சும். அதுவும் உதவவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று கல்லோடு மேலே தூக்கிவைத்தேன், அடுத்தநாள் கூடிப்போச்சோ என்று கீழே இறக்கினேன். சின்ன நத்தைப்புழு ஏதும் கடிக்குதோ என்று இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் அயடீன் கரைசலில் பத்து நிமிசம் முக்கி எடுத்தேன். எல்லாம் ஒன்றரைக் கிழமைக்குள். ஏதாவது ஒன்று சரிவந்திருந்தால்கூட எது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

(பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லாமல் போகக்கூடாது: பவளம் தொடும்போது கையுறை போடுங்கள். சோவாந்திட் என்கிற பொத்தான் மாதிரி வடிவான வகையில் சிலதுக்குள் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கு. அது வளர்ந்த கல்லைச் சுடுதண்ணீரில் அவித்துக் கழுவவே கூடாது, ஆவியைச் சுவாசித்தே ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.)

மார்ச் நடுவில் மண்ணில் பழுப்பு வழும்பு வந்தது. நூல் நூலாகத் தொங்கும், நூலின் நுனியில் காற்றுக்குமிழி. காலையில் குறைவாக இருக்கும், பின்னேரத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். குடையின் மடிந்த ஓரத்திலும் அது போய் ஒட்டி, ஒரு பக்கம் கறுத்து அழுகத் தொடங்கியது. இதைக் கண்டவுடன் நான் என்ன செய்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். இன்னும் துப்புரவாக்கினேன். குழாய் விட்டு உறிஞ்சினேன், தண்ணீரை இரட்டிப்பாக மாற்றினேன், மீன் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். இரண்டு நத்தைகள் செத்தன. "கடலுக்கு மோர்ட்கேஜ் கட்டுறம்" என்றார் இவர். மகள் தொட்டிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே மேலே போய்விடுவாள்.

கடையில் ஒரு வயதான மனிதர் இருக்கிறார், பேச்சுக் குறைவு. ஒரு போத்தலில் தண்ணீரும் போனில் படங்களும் கொண்டுபோனேன். நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டார். பூச்சியம் என்றேன். பொஸ்பேட்? அதுவும் பூச்சியம். நல்ல மார்க்ஸ் எடுத்த பிள்ளை மாதிரித்தான் சொன்னேன்.

"அப்ப அது எதைச் சாப்பிடுது?" என்றார்.

பவளத்தின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்தில் சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது அதுதான். அந்தப் பாசிக்கும் நைதரசனும் பொஸ்பரசும் வேண்டும். கடலிலே பவளப்பாறைத் தண்ணீரும் இதெல்லாம் மிகக் குறைந்ததுதான், ஆனால் அங்கே இரவும் பகலும் மிதவை உயிர்களும் மீன் கழிவும் ஆற்றோட்டம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் நாங்கள் போடுவதுதான் வரும். நான் போடவில்லை, இருந்ததையும் உறிஞ்சி எடுத்துவிட்டேன். குடை வெளிறினது பட்டினியில். பழுப்பு வழும்பு டைனோஃபிளாஜெலேட் என்கிற ஒரு நுண்ணுயிர். பச்சைப் பாசியும் பக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கின தொட்டியில்தான் அதுக்குக் கொண்டாட்டம். துப்புரவாக்கத் துப்புரவாக்க நானே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

காரை எடுக்காமல் கார்ப் பார்க்கில் கொஞ்சநேரம் இருந்தேன். ஒரு வருசமாக அந்தத் தொட்டியைச் சாப்பாடு போட்டு வளர்த்தது மகள். பாசி வந்தது உண்மை, அவள் கொஞ்சம் கூடப் போட்டதும் உண்மை. அதைக் கொஞ்சம் குறைத்திருந்தால் போதும். "நான் போட்டதாலயா?" என்று கேட்டபோது "இருக்கலாம்" என்று சொன்னேனே, அந்த ஒரு மாதமும் அவள் அதை எங்கே வைத்திருந்தாளோ.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அப்பா என்னைப் பிழையாக ஏசிவிட்டால், அடுத்தநாள் காலையில் என் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருப்பார். அவ்வளவுதான். எனக்கு அது விளங்கும். ஆனால் அது விளங்க எனக்குப் பல வருசம் எடுத்தது.

மேலே போய் அவளுடைய கட்டிலில் இருந்தேன். "குடைக்கு வந்தது பசி. நீ போட்ட சாப்பாட்டாலதான் அது இவ்வளவு நாளும் நல்லா இருந்தது. நிப்பாட்டினது நான். பிழை என்னில" என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் கேட்டது, "அப்ப பெட்டியக் கீழ வைப்பீங்களா?"

கீழே வந்தபோது அம்மா குசினி வாசலில் நின்றா. எல்லாம் கேட்டிருக்கிறா. ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி வேணுமோ என்று மட்டும் கேட்டா.

அன்றே இரும்பு மணிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். ஸ்கிம்மர் இரவில் மட்டும். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். காலை, பின்னேரம் சாப்பாடு, மகளின் பொறுப்பு. அது போதாது என்பதால் நைட்ரேட், பொஸ்பேட் கரைசல்களும் துளித்துளியாக விட்டோம். பொஸ்பேட் பெரிய ஏமாற்றுக்காரன். இரவு விட்டால் காலையில் திரும்பவும் பூச்சியம் காட்டும், ஏனென்றால் பட்டினி கிடந்த கல்லும் மண்ணும் முதலில் தங்களுக்கு எடுத்துவிடும். பொறுமையில்லாமல் அள்ளி ஊற்றவேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் அளந்தோம், மகள் ஒரு கொப்பியில் எழுதினாள். டைனோவில் இரவில் மண்ணை விட்டு எழும்பித் தண்ணீரில் நீந்துகிற வகை இருக்கு. காலையில் குறைவாகத் தெரிந்தது அதனால்தான். அதுக்காக யூவி விளக்கு ஒன்றையும் பூட்டினோம்.

அழுகின ஓரத்தைத்தான் வெட்டவேண்டியிருந்தது. லெதருக்கு அந்த வசதி இருக்கு: நல்ல சதை வரைக்கும் கூரான பிளேடால் வெட்டி எடுத்தால் காயம் ஆறிவிடும். விட்டால் அழுகல் பரவும். தொட்டிக்கு வெளியே, அதே தண்ணீர் எடுத்த கிண்ணத்துக்குள் வைத்து, தொப்பியில் கால்வாசியை வெட்டினேன். மூக்கைத் துளைக்கிற மணம். மகள் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு விரலிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். எனக்கு இந்தக் கதையிலேயே கஷ்டமான பகுதி அதுதான். தொடாமல் இருப்பது.

மூன்றாவது கிழமை பொஸ்பேட் 0.05-இல் நின்றது, நைட்ரேட் 5. பழுப்பு நூல்கள் மெல்லியதாகின. ஏப்ரல் கடைசியில் பின்பக்கக் கல்லில் பச்சைப் பாசி கொஞ்சம் தெரிந்தது. ஜனவரியில் அதைப் பார்த்துத்தான் கத்தினேன். இந்தமுறை மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பச்சை வந்தால் டைனோவுக்குப் போட்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

குடை மே மாதம் இரண்டாவது ஞாயிறு விரிந்தது. முழுவதும் இல்லை, தண்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பொலிப். மகள் பூதக்கண்ணாடியைத் தொட்டியில் ஒட்டிவைத்து ஒரு பொலிப்பின் கைகளை எண்ணினாள். எட்டு. இந்த இனத்தில் ஒவ்வொரு பொலிப்புக்கும் எட்டுக் கைதான் என்று சொன்னேன், நம்பாமல் இன்னும் மூன்றை எண்ணினாள். வெட்டின பக்கம் இன்னமும் கோணலாகத்தான் இருக்கு, அம்மா அதைக் கடித்த அப்பளம் என்கிறா.

கொப்பி இப்போதும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. திகதி, நைட்ரேட், பொஸ்பேட், எத்தனை கட்டி போட்டது என்று நாலு நிரல். போன கிழமை புரட்டிப் பார்த்தபோதுதான் ஐந்தாவது நிரலைக் கண்டேன். தலைப்பு 'அம்மா தொட்டது'. வரிசையாகப் பூச்சியம். ஒரு வியாழக்கிழமையில் மட்டும் ஒன்று. நத்தை ஒன்று கவிழ்ந்து கிடந்தது, திருப்பிவிட்டேன். அதையும் எழுதிவைத்திருக்கிறாள்.