சைலன்சர் வாங்கப் போனோம்

எமது ஒழுங்கையிற் சேவல் கூவுவது நாலரை மணிக்கு. அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக அயலை எழுப்பிவிடும் திருப்பணியை எமது வீட்டு லொறி நெடுங்காலமாகச் செய்து வந்தது. சுன்னாகத்தில் மாலையில் ஏற்றிய வெங்காயம் மறுநாட் காலை தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற் போய் இறங்க வேண்டும். ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓட்டம். ஆதலால் மூன்று மணிக்கே இயந்திரம் உறுமத் தொடங்கும். 'சூடேறட்டும்' என்று கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமும். அதன் பின்னரே நகரும்.

லொறி எமது அண்ணருடையது. 2009ஆம் ஆண்டில் ஏ9 வீதி மீண்டும் திறந்தபின், இரண்டு ஆண்டு கழித்து, பழையதாக வாங்கிய கன்ரர். அதற்கு முன் அவர் பிறருடைய லொறிகளை ஓட்டியவர். நாம் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாலு வருடமும் எமது சோறும் புத்தகமும் அந்த லொறிகளின் ஓட்டுநர் ஆசனத்திலிருந்தே வந்தன. ஆகவே மூன்று மணிச் சத்தம் எமக்கு ஒருபோதும் சத்தமாகப் பட்டதில்லை. வீட்டிலே சோறு வேகும் ஓசையை யார் குறை கூறுவார்?

குறை கூறியவன் எமது மாணவன் ஒருவன். நாம் கல்லூரியிற் கற்பிப்பது பௌதிகவியல். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிலே ஒலி அலைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வரிசையில் அவன் மேசைமேற் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். எமக்குக் கோபம் வந்துவிட்டது. எழுப்பி நிறுத்தி, இரவெல்லாம் கைப்பேசியோடு விழித்திருக்கும் தலைமுறையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்து முடித்தோம். அவன் தலை குனிந்து, "சேர், உங்கட வீட்டு லொறி மூண்டு மணிக்கு ஸ்ரார்ட் பண்ணினாப் பிறகு எனக்கு நித்திரை வாறேல்லை" என்றான். அவன் வீடு எமது படலைக்கு நேர் எதிரே என்பது அப்பொழுதுதான் எமது நினைவுக்கு வந்தது. வகுப்பு சிரித்தது. நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டோம். டெசிபெல் பற்றிய சமன்பாட்டைத்தான் அன்று அதிலே எழுதியிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் லொறியின் அடியிற் படுத்துப் பார்த்தோம். சைலன்சரின் வயிற்றிலே கறள் தின்ற ஓட்டை; உள்ளங்கை புகும். இப்பொழுது லொறியை ஓட்டுபவன் அண்ணரின் மகன். அவனிடம் கேட்டபோது, "அதைக் கழற்றி எறிஞ்சிட்டு நேர்க்குழாய் பூட்டப் போறன், சித்தப்பா. இழுவை கூடும், டீசலும் மிஞ்சும்" என்றான். எமது பெறாமகனுக்கு வயது இருபத்தாறு. அந்த வயதில் வண்டியின் முழக்கம் ஆண்மையின் முழக்கமாகவே காதில் விழும்.

அவன் சொன்னதிற் பாதி உண்மை இருக்கிறது. உருளையினுள் எரிந்த வாயு வெளியேறும் வழியிற் தடை இருந்தால், முசலம் அதனைத் தள்ளுவதிற் சிறிது வலுவை இழக்கும். இதனையே பின்னமுக்கம் என்பர். கரி அடைத்த சைலன்சரோ, அளவிற் சிறிய சைலன்சரோ இயந்திரத்தைத் திணறச் செய்யும், கரும்புகை கக்கும், டீசல் கூடும். ஆனால் இயந்திரத்தின் அளவுக்குப் பொருந்திய நல்ல சைலன்சர் எடுத்துக்கொள்ளும் வலு மிகச் சிறிது. வெங்காய மூட்டையோடு கனகராயன்குளம் தாண்டும் ஓட்டுநர் அதனை உணரப் போவதில்லை. அவன் உணரப்போவது சத்தத்தை மட்டுமே. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனம் எண்ணிக்கொள்ளும்.

மறுநாள் இருவருமாகப் பட்டினத்துக்குப் போனோம். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று கண்ணாடிபோல் மினுங்கும் உருண்டைக் குழல். உள்ளே துளையிட்ட நேர்க்குழாய்; அதனைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருந்தது. பெறாமகனுக்குக் கண்டதுமே காதல். மற்றது அழகேயில்லாத பெரிய தகரப் பீப்பா. உள்ளே தடுப்புத் தகடுகள், மூன்று அறைகள், வாயுவை முன்னும் பின்னும் திருப்பி அனுப்பும் துளைக் குழாய்கள்.

இங்கேதான் எமது வாத்தியார்ப் புத்தி வேலை செய்தது. கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கடதாசி வாங்கிக் கணக்குப் போட்டோம். அவர் எம்மைப் பார்த்த பார்வை இங்கே வேண்டாம். நான்கு உருளை கொண்ட நாலடிப்பு இயந்திரம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் செக்கனுக்கு 50 வெடிப்பு. அந்த உறுமலின் அடிப்படை மீடிறன் 50. புகைக்குழாயினுள் வாயு 350 பாகை செல்சியசு சூடாயின், அங்கே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர் வேகத்திற் செல்லும். அப்படியானால் அலைநீளம் 10 மீற்றர். பத்து மீற்றர் நீளமான அலையை இரண்டு அங்குல நார் என்ன செய்யும்? நார் விழுங்குவது உயர் மீடிறன்களையே: சீறல், கிறீச்சிடல் போன்றவற்றை. டீசல் லொறியின் நெஞ்சை அதிரச் செய்யும் அடித்தொனி அதனூடாக நடந்தே போய்விடும். அன்றியும் டீசற் கரியில் நார் ஊறிக் காலப்போக்கில் உள்ளதும் கெடும்.

அறை கொண்ட பீப்பாவின் வழி வேறு. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் வரும் அலையின் ஒரு பகுதி வந்த வழியே எதிரொலித்துத் திரும்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று கெடுக்கும். அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத் தாழ்ந்த தொனியும் அடங்கும். எனவே சைலன்சரின் கனவளவு இயந்திரத்தின் கனவளவைப்போற் பன்மடங்காக இருத்தல் நன்று. எமது வண்டியோ 4.2 லீற்றர் இயந்திரம். மினுங்கிய குழலின் வயிறு அதற்கு எம்மாத்திரம்? வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று உட்செல்லும் வாயின் விட்டம். பழைய குழாயின் விட்டத்திலும் அது சிறிதானால், பெறாமகன் அஞ்சிய இழுவைக்குறை அங்கேதான் நேரும்.

பீப்பாவின் விலை குழலினதிலும் அதிகம். பெறாமகன் முகம் சுருங்கிற்று. அவனை அழைத்துக்கொண்டு தேநீர்க்கடைக்குப் போய் ஒரு கதை சொன்னோம். 1884ஆம் ஆண்டில் இயந்திரத் துப்பாக்கியை ஆக்கிய ஹிராம் மாக்சிம் என்பவர், தம் துப்பாக்கிகளின் சத்தத்தாலேயே செவிடானவர். துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்கு 1909இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவரோ அவருடைய மகன் ஹிராம் பெர்சி மாக்சிம். மோட்டார் இயந்திரங்களின் புகைப்போக்கு ஓசையை அடக்குவதிலும் அந்த மகன் ஈடுபட்டார். (வாகனச் சைலன்சருக்கு அவர் முதல்வர் அல்லர், 1897இலேயே ரீவ்ஸ் சகோதரர் அதற்கு உரிமை பெற்றுவிட்டனர்.)

பெறாமகன் தேநீரைக் குடிக்காமற் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதை நினைத்தான் என்பது எமக்குத் தெரியும். அண்ணருக்குச் சில ஆண்டுகளாகக் காது மந்தம். தொலைபேசியில் ஒன்றைக் கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். பேரப்பிள்ளையின் மழலை அவருக்கு விளங்குவதில்லை, விளங்கியதுபோற் தலையாட்டுவார். ஆஸ்பத்திரியிற் காதைப் பரிசோதித்த வைத்தியர், உட்செவியின் மெல்லிய மயிர்க்கலங்கள் அழிந்துவிட்டன, அவை மீள வளரா என்றார். 4000 மீடிறனை அண்டிய ஒலிகள் முதலிற் போகுமாம். பேச்சிலே மெய்யெழுத்துக்களைப் பிரித்தறிவது அவ்வுயர்ந்த ஒலிகளாலேயே. கன்ரரில் இயந்திரம் ஓட்டுநரின் ஆசனத்துக்கு அடியில். 85 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே தகும் என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் விதந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 ஆனால் ஒரு மணி நேரம்தான். அண்ணர் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். அந்த ஆசனத்திலிருந்து வந்த சோற்றை உண்டு ஒலியியல் படித்த நாம், ஒருநாளாவது அவருடைய லொறியின் அடியைக் குனிந்து பார்த்ததில்லை.

பீப்பாவையே வாங்கினோம். குறைந்த பணத்தை நாம் போட்டோம்.

பூட்டியவர் எழுபது வயதான மேத்திரியார். அவர் புதிய சைலன்சரை ஓரமாக வைத்துவிட்டு, முதலிற் பழையதன் ஓட்டையைத் தகடு சுற்றி அடைத்தார். பின்பு ஆறிய இயந்திரத்தை இயக்கி, ஈரச் சாக்கினாற் குழாயின் வாயைச் சற்றே பொத்தினார். 'உஸ்' என்ற சீறல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. புகை சேரும் வார்ப்புக் குழாயின் இணைப்பிலே ஒரு புரிஆணி இல்லை, கரிக்கோடு வழிந்திருந்தது. "பாதிச் சத்தம் இதுக்கால, தம்பி. இதை விட்டிட்டு என்ன சைலன்சர் பூட்டியும் காசுக்குத்தான் கேடு" என்றார். அந்த இடம் ஓட்டுநரின் ஆசனத்துக்கு நேர் கீழே என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அடைப்புத் தகட்டையும் ஆணியையும் மாற்றினார். குழாயைத் தூக்கி நின்ற றப்பர்கள் அறுந்து, அவற்றின் இடத்தில் யாரோ கட்டுக்கம்பி கட்டியிருந்தனர். அதிர்வு முழுவதும் சட்டத்துக்கு ஏறி லொறிப் பெட்டியே மத்தளமாகியிருந்தது. அதற்கும் புதிய றப்பர். பக்கவாட்டில் வீடுகளை நோக்கியிருந்த வாலைப் பின்புறமாகத் திருப்பினார். பீப்பாவின் அடியிலுள்ள ஊசித்துளையை அடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். குளிர்ந்த குழாயிற் சேரும் நீர் வடியாவிட்டால் தகரம் உள்ளிருந்தே கறள் பிடிக்குமாம்.

எஞ்சியவை செலவில்லாத வேலைகள். அயலார் புதிதாய்க் கட்டிய சீமெந்து மதிலை ஒட்டியே லொறி நிற்பது வழக்கம். ஓசை மதிலிற் பட்டு எதிர்வீட்டு யன்னலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. (பனையோலை வேலிக் காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இருக்கவில்லை.) லொறியைத் தெருமுனைப் பக்கம் தள்ளி நிறுத்தினோம். கால் மணி நேர உறுமலையும் நிறுத்தச் சொன்னோம். ஓரிரு நிமிடம் போதும், பின்பு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றலாம். பெறாமகன் இதற்கு மட்டும் பல நாள் முணுமுணுத்தான்.

கைப்பேசியில் அளந்து பார்த்தோம். திருத்தமுன் படலையில் 91 காட்டியது, பின்பு 79 காட்டியது. கைப்பேசி நம்பத்தக்க கருவியன்று. எனினும் ஒரே கருவியால், ஒரே இடத்தில் அளந்த வேறுபாட்டை ஒருவாறு ஏற்கலாம். 10 டெசிபெல் குறைந்தாற் காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பது பாடநூற் செய்தி. எதிர்வீட்டு மாணவன் இப்பொழுது எமது வகுப்பில் உறங்குவதில்லை. கடைசி வரிசையில் வேறொருவன் உறங்குகிறான், அவனுக்கு லொறி காரணமன்று.

முதல் நாள் மூன்று மணிக்கு நாமும் எழுந்து போனோம். அண்ணர் வழமைபோலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோச் லைற்றுடன் லொறியின் அருகே நின்றார். மகனை வழியனுப்ப அவர் ஒருநாளும் தவறுவதில்லை. பெறாமகன் திறப்பைத் திருப்பினான். இயந்திரம் தாழ்ந்த குரலில் ஓடத் தொடங்கிற்று. அண்ணர் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எம்மிடம், "என்ன தம்பி, இன்னும் ஸ்ரார்ட் பண்ணேல்லையோ?" என்று கேட்டார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்து லொறிக் கதவின்மேல் வைத்தோம். சிறிது நேரம் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தார். பின்பு மகனைப் பார்த்து, "சரி, போட்டு வா" என்றார்.