கறுப்புப் பல்

போன மாதம் உத்திரமேரூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர். நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை அல்ல, அக்கா பேத்தியின் வாயை.

நாலு வயசு. மேல்வரிசை முன்பற்கள் நாலும் பழுப்பாக அரித்திருந்தன. கடைவாயிலும் இரண்டு குழி. சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிய பழக்கம்.

"பால் பல்தானே மாமா, விழுந்துடும்" என்றாள் அக்கா மகள். கடைவாய்ப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயசாகும். அதுவரை என்னத்தை மெல்லும்?

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். "ராத்திரி வலியில எழுந்து அழறாளா? ஈறுல சீழ் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் இரண்டு வழி. மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பல்லையும் அடைப்பது ஒன்று. செலவைக் கேட்டதும் மாப்பிள்ளை பைக் லோனை நினைத்துப் பெருமூச்சு விட்டார். இன்னொன்று, சின்ன பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு. ஊசி இல்லை, மெஷின் இல்லை.

பெயர் சில்வர் டயமைன் ஃபுளூரைடு. வெள்ளி, சொத்தையில் இருக்கும் கிருமியைக் கொல்லும். ஃபுளூரைடு, கரைந்துபோன பல்லை இறுக்கும். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் நிஷினோ என்பவர் 1969-ல் முடித்த ஆராய்ச்சி. அடுத்த வருஷமே அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்கா 2014-ல்தான், அதுவும் பல் கூச்சத்துக்கு என்று சொல்லி அனுமதித்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பால் பல் ஆய்வுகளை 2016-ல் மொத்தமாகக் கூட்டிப் பார்த்ததில், நூற்றுக்கு எண்பது சொத்தை அப்படியே நின்றுபோயிருந்தது.

பி.காம். படித்த புத்தி, உடனே வரவு செலவு போட்டது. லாபம்தான்!

ஒரே சிக்கல். மருந்து பட்ட சொத்தை கரியாகக் கறுத்துவிடும். போகாது.

"முன்பல்லு கறுப்பா இருந்தா ஸ்கூல்ல என்ன சொல்லுவாங்க? பொம்பளப் புள்ள மாமா!"

"வெள்ளின்னா கறுக்கத்தான்டி செய்யும்" என்று அக்கா தன் பழைய கொலுசைக் காட்டினாள். நானும் எண்பது சதவிகிதத்தை எடுத்து விட்டேன்.

"உங்க பொண்ணா இருந்தா இதைப் போடுவீங்களா?"

என்னால் பேச முடியவில்லை. என் பெண்ணுக்கு அந்த வயசில் இதே சொத்தை. சென்னையில் மயக்க மருந்து கொடுத்துத்தான் சரிசெய்தோம். பல் பளிச்சென்று இருந்தது. இவளுக்கும் அது தெரியும்.

கடைசியில் கடைவாய்ப் பல் இரண்டுக்கு மட்டும் சரி என்றாள். ஒரு சொட்டைத் தொட்டு, ஒரு நிமிஷம் தடவினார் டாக்டர். குழந்தை கசப்பில் முகத்தைச் சுளித்ததோடு சரி.

ரெண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்து, "தாத்தா, எறும்பு உக்காந்திருக்கு!" என்று சிரித்தது. அவள் அம்மா சிரிக்கவில்லை.

ஆறு மாசத்தில் மறுபடி தடவ வேண்டும். முன்பல்லை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். சொத்தை அதுவரை காத்திருக்க வேண்டுமே.