லிமோனேயின் குருதி

இத்தாலியின் வடபகுதியிலே, கார்டா ஏரியின் மேற்குக் கரையில், செங்குத்தான மலைகளுக்கும் நீருக்குமிடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் லிமோனே. 1930களில் கரையோரப் பாதை திறக்கப்படும்வரை படகேறியோ மலைவழி நடந்தோதான் அங்கு செல்லவேண்டியிருந்தது. வெளித்தொடர்பு அருகியமையால் ஊரவர் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணவினை செய்துகொண்டனர். மருத்துவ நூல்களில் இவ்வூர் இடம்பெற்றமைக்கு அத்தனிமையே வழிகோலிற்று.

1970களின் நடுப்பகுதியில், லிமோனேயிற் பிறந்த ஒருவரின் குருதியை மிலான் நகர ஆய்வாளர் பரிசோதித்தனர். அதில் திரிகிளிசரைட்டு மிகுந்திருந்தது. உயரடர்த்தி இலிப்போபுரதமோ வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்திருந்தது. நாடிச் சுவரிற் படியும் கொலஸ்திரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்வது இவ்விலிப்போபுரதமே என்பது அன்றைய பாடம். அது குறைந்தவரை மாரடைப்பு நெருங்கும் என்பது அப்பாடத்தின் மறுபக்கம். அம்மனிதரோ இதயநோயின் அறிகுறி எதுவுமின்றி நடமாடினார். பிள்ளைகள் மூவருள் இருவரிடத்தும் இதே புதிர் காணப்பட்டது.

செசாரே சிர்ட்டோரியும் அவர்தம் குழுவினரும் காரணத்தைத் தேடினர். அவ்விலிப்போபுரதத்தின் தலைமைப் புரதமாகிய அப்போ ஏ-1, 243 அமினோவமிலங்களாலான சங்கிலி. அதில் 173ஆம் இடத்திலே ஆர்ஜினினுக்குப் பதிலாகச் சிஸ்டீன் அமர்ந்திருந்தது. வேறுபாடு அவ்வளவே! ஊரவர் அனைவரும் குருதி கொடுத்தனர். தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டியபோது, இம்மாற்றத்தைத் தாங்கியோர் யாவரும் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே மூதாதையரின் வழிவந்தோர் என்பது தெரியவந்தது. அப்புரதத்துக்கு 'மிலானோ' என்று பெயரிட்டனர். குருதி லிமோனேயினது, பெயர் மிலானினது. கிராமங்களுக்கு இது புதியதன்று.

புதிரிலிருந்து மருந்து காணும் ஆசை இயல்பாகவே எழுந்தது. 2003இல் வெளியான சிறு ஆய்வொன்றில், செயற்கையாக ஆக்கப்பட்ட அப்புரதத்தை வாரம் ஒருமுறையாக ஐந்து வாரம் ஏற்றியபோது முடியுருநாடிப் படிவு சற்றே சுருங்கிற்று. மருத்துவ உலகம் துள்ளியது. ஆனால் புதிதாக ஆக்கப்பட்ட வடிவம் 2016இற் சோதிக்கப்பட்டபோது, மருந்தற்ற திரவத்தைப் பெற்றோரினும் மேலான பயன் எதுவும் காணப்படவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே, 2006இல், உயரடர்த்தி இலிப்போபுரதத்தை வெகுவாக உயர்த்திய டோர்செட்ரபிப் என்னும் மருந்து, அதனை உட்கொண்டோரிடையே மரணங்கள் கூடியமையால் நிறுத்தப்பட்டிருந்தது. அளவு உயர்ந்தது; உயிர் காக்கப்படவில்லை.

அறிக்கைத் தாளிலுள்ள இலக்கத்தையே நோயாகவும் நலமாகவும் கொள்ளும் பழக்கம் இங்கே சறுக்குகின்றது. இன்று மருத்துவரின் கவனம் அப்போ பி என்னும் மற்றொரு புரதத்தின்பால் மிகுதியாகத் திரும்பியுள்ளது. தாழ்வடர்த்தி இலிப்போபுரதத் துணிக்கை ஒவ்வொன்றும் அதில் ஒரேயொரு மூலக்கூறையே சுமப்பதால், அதனை அளப்பது நாடிச் சுவரைத் துளைக்கக்கூடிய துணிக்கைகளை எண்ணுவதற்கு ஒப்பாகும். அளவிடும் பொருளும் தீங்கு செய்யும் பொருளும் அங்கு ஒன்றாகின்றன.

லிமோனேயினரின் புதிரோ முழுமையாக அவிழவில்லை. அவர்தம் நாடிகளில் அப்புரதம் பிறப்பு முதல் நாள்தோறும் ஓடிற்று. நோயாளருக்கோ படிவு முற்றிய பின்னர் ஐந்தே வாரம்.