புளியில் கரைந்த வில்

கணியூர்க்காரர்களுக்கு அமராவதி என்றால் வயலுக்கு வரும் தண்ணீர், அவ்வளவே. அதே ஆறு தாராபுரம் கடந்து கருவூரை அடையும்போது காசு தரும் ஆறாகிவிடுகிறது. சேரரின் சதுரச் செப்புக் காசுகளும் உரோமானியக் காசுகளும் அங்கே மணலில் கிடைத்திருக்கின்றன. சங்கப் புலவர்களின் ஆன்பொருநை இந்த ஆறுதான் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நமக்கு உள்ளங்கை சற்றே குறுகுறுக்கும். காரணம் உண்டு.

நம் அம்மிச்சியின் மரப்பெட்டியில், பழைய அடகுச் சீட்டுகளுக்கு அடியில், துணி முடிச்சொன்றில் ஒரு சிறிய சதுரச் செம்பு இருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ‘ஆனைக் காசு’ என்பார். அவருடைய தந்தையார் ஆற்றில் எடுத்தது என்பதற்கு மேல் சேதி இல்லை. எந்தத் துறை, எவ்வளவு ஆழம், கூட வேறென்ன கிடந்தது என்றெல்லாம் கேட்கத் தோன்றிய காலத்தில் அம்மிச்சி இல்லை.

2001ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை. முதுகலை முதலாண்டில் பதிற்றுப்பத்து நடந்துகொண்டிருந்தது. புதிதாகப் படித்தவனுக்கு எதைக் கண்டாலும் சேரனாகத் தெரியும். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு பக்கம் யானை, நிற்கிறது. மறுபக்கம் கரும்பச்சையாய் ஏதோ படர்ந்திருக்க, அதனடியில் வளைந்த கோடொன்று மேடாகத் தட்டுப்பட்டது. வில்லேதான்! சேரரின் சதுரக் காசுகளில் யானையும் வில்லம்பும் இருக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த வில்லை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. அடுக்களையில் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்தோம். புளி, கல்லுப்பு, ஓர் இரவு ஊறல், விடிந்ததும் தேங்காய் நார்.

காசு புதுச் செம்பு போல மின்னியது. யானை ஒருவாறு தப்பியது. வில் இருந்த பக்கம் வழவழவென்று, குழிகள் விழுந்து, வெறுமையாக இருந்தது. அம்மிச்சி வாங்கிப் பார்த்து, “பளபளன்னு ஆயிருச்சே சாமி” என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை இன்றளவும் நம்மால் செரிக்க முடியவில்லை.

அந்தப் பச்சையும் கருமையும் அழுக்கல்ல என்பது அப்போது தெரியாது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலும் நீரிலும் கிடந்த செம்பின் மேற்பரப்பு, தானே வேறு பொருளாக மாறிவிடுகிறது. உருவத்தின் நுட்பமான கோடுகள் பலவும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கும். புளியின் அமிலம் தோலைக் கரைக்கும்போது கோடும் உடன் போகும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்வது மட்டும் வேறு. அது உப்பால் வரும் நோய், காசையே தின்றுவிடும். கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சையைத் தொடவே கூடாது.

பல ஆண்டுகள் கழித்துக் கோவையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குக் காசை எடுத்துப் போனோம். கடை விரித்திருந்த பெரியவர் உருப்பெருக்கியைக் கையில் எடுக்கவே இல்லை. “புளியாங்க?” என்றார். ஆமென்றோம். “எலுமிச்சம்பழம்னா இன்னும் மோசமுங்க” என்று ஆறுதல் சொன்னார். பிறகு அருகில் அமர்த்தி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். உருவம் மங்கியிருந்தால் அது தேய்வா, அச்சு சரியாக விழாததா என்று முதலில் பிரிக்க வேண்டுமாம். தேய்வு மேட்டில் தொடங்கும். யானையின் வயிறும் தலையும் முதலில் தட்டையாகும். அச்சு விழாத காசில் மேடு சப்பையாக இருந்தாலும் பக்கத்துப் பள்ளம் கூர்மையாக நிற்கும். விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் ஊசிமுனைத் துளைகளும் தெரிந்தால் வார்த்தெடுத்த போலியோ என்று ஐயுற வேண்டும்.

அமெரிக்கர்களின் எழுபது மதிப்பெண் முறையைப் பற்றியும் சொன்னார். தேடிப் படித்தோம். அந்நாட்டின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949இல் வகுத்தது அது. ஒன்று வாங்கிய காசு ஒரு பங்கு விலை என்றால் எழுபது வாங்கியது எழுபது பங்கு. ஆசிரியத் தொழிலில் இருப்பவருக்கு இந்தத் துல்லியம் பொறாமை தரும். ஆனால் அந்த ஷெல்டனே நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு தம்முடைய மட்டமான காசுகளை அங்கே வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பின் வெளிப்பட்டது. தரம் அறிந்தவர்தான், ஐயமில்லை!

சேரர் காசுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. கையால் அடித்தவை, பல காசுகளில் அச்சு பெரிது, செப்புத் துண்டு சிறிது. ஒன்றில் துதிக்கை இருக்காது, இன்னொன்றில் வால் இருக்காது. முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமல் போன பதிற்றுப்பத்தை உ.வே.சா. 1904இல் பதிப்பித்தாரே, ஏறத்தாழ அந்த நிலைதான். இருப்பதை வைத்து இல்லாததை ஊகிக்க வேண்டும். இத்தகைய செப்புத் துண்டுகளைச் சலிக்காமல் பார்த்தவர் ‘தினமலர்’ ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. ‘பெருவழுதி’ என்னும் எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை அவர் வெளிக்கொணர்ந்த பிறகே, சங்க மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்ற பழைய ஐயம் ஒடுங்கத் தொடங்கியது. எவரேனும் அந்தக் காசுக்கு முந்திய இரவு புளி போட்டிருந்தால்?

பெரியவர் விடைபெறும்போது நம் காசுக்கு முப்பது ரூபாய் சொன்னார். யானையின் முதுகு மட்டும் ஏன் இப்படி மழுங்கியிருக்கிறது, இது புளியின் வேலையல்லவே என்றும் கேட்டார். அம்மிச்சி துணி முடிச்சை அவிழ்க்கும்போதெல்லாம் கட்டைவிரலால் யானையைத் தடவிக்கொண்டே பேசுவார் என்றோம். “அதுவும் தேய்மானந்தானுங்களே” என்றார். மறுக்கவில்லை, விற்கவும் இல்லை.

இப்போது காசு காகித உறையில் இருக்கிறது. மெதுவான நெகிழி உறைகள் சில செம்பைப் பிசுபிசுக்க வைத்துவிடும் என்பதால் மாற்றினோம். இருபத்து சொச்சம் ஆண்டுகளில் மினுக்கம் போய்ப் பழுப்பு ஏறியிருக்கிறது. மாலையில் சன்னலோரம் வைத்துச் சாய்த்தால் வெறும் பக்கத்தில் அரை விரற்கடைக்கும் குறைவாக ஒரு வளைவு நிழல் விழும். நாணா, கீறலா என்று மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம். பாதிப் பேர் கீறல் என்கிறார்கள்.