'என்க' என்னும் ஒரு சொல்

தமிழ்வழியில் கணக்குப் படித்தவர்களுக்கு 'என்க' என்ற சொல் நினைவிருக்கும். 'கூடையிலுள்ள மாம்பழங்களின் எண்ணிக்கை எக்ஸ் என்க' என்று எழுதிய பிறகே விடைத்தாளில் அடுத்த வரிக்குப் போக உரிமை உண்டு. அவ்வரி இல்லாமல் நடுவில் ஓர் எக்ஸ் முளைத்தால், அது யார் என்று ஆசிரியர் சிவப்பு மையால் கேட்பார். நிரல்மொழிகளைப் பற்றிய தீராத வழக்கொன்று இந்த வியங்கோளுக்குள் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மாறி ஒன்றைப் பயன்படுத்துமுன் அதன் பெயரை அறிவித்தே ஆகவேண்டுமா? எழுதிய இடத்தில் அது தானாகவே பிறந்துகொள்ளலாமா?

தமிழிலக்கியம் கற்பிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எழுத்துப்பிழை நம் துறை; ஆகவே வேலை இருக்கிறது.

வழக்கு பழையது. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானில் அறிவிப்பு கட்டாயமில்லை. பெயரின் முதலெழுத்து ஆங்கில 'ஐ' முதல் 'என்' வரை இருந்தால் முழு எண், மற்றவை மெய்யெண். ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல் 'ஜி'யில் தொடங்குவதால், முழு எண் என்று யாரும் அறிவிக்காத வரை கடவுள் மெய்யே என்றொரு நகைச்சுவை நிரலர்களிடையே உண்டு. (தமிழில்தான் இதன் சுவை கூடுகிறது.) அறிவிப்பைக் கட்டாயமாக்கியது அல்கால் 60. விஷுவல் பேசிக்கின் பழைய பதிப்புகளிலோ, 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' என்று நிரலின் தலையில் எழுதினால்தான் காவல் கிடைக்கும். 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்டுக்கு 2009இல்தான் கண்டிப்பு முறை வாய்த்தது. காவலின்றித் தொடங்கிய மொழிகள் பின்னாளில் காவல் தேடியதே பெரும்பாலும் வரலாறு. பைத்தான் மட்டும் இன்றும் தயங்காமல் நிற்கிறது: மதிப்பிட்டால் மாறி பிறந்துவிடும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரல்மொழியும் பைத்தானின் வழியையே பின்பற்றியது. அதைப் பற்றிய அவரது ஆங்கிலக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிப்பிக்கும் மொழி அது. தமிழ்ச் சிறுவர்கள் தம் மொழியிலேயே நிரல் கற்கவேண்டும் என்னும் நோக்கம் உயர்ந்தது. தொடக்கநிலை மாணவனைச் சடங்குகளால் மிரட்டக்கூடாது என்ற கருணையே அறிவிப்பை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கருணை ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம். தமிழ் எழுத்துக்குப் பொருந்துகிறதா என்பதே நம் ஐயம்.

பூரணாங்குப்பத்து இளைஞர் ஒருவர், தமிழிலேயே பெயரிட அனுமதிக்கும் மொழியொன்றில், வயலில் களையெடுக்கும் தம் தாயாரின் வாரக் கணக்கை நிரலாக எழுதினார். முதலில் 'கூலி = 0'. பிறகு ஆறு நாளுக்கும் சுற்றிவரும் ஒரு வரி: 'கூளி = கூலி + நாட்கூலி'. இறுதியில் கூலியைப் பதிப்பித்தால் விடை சுழியம். அறிவிக்காத பெயரைப் படிக்க முயன்றிருந்தால் இத்தகைய மொழி பிழை காட்டியிருக்கும். மதிப்பிட்டதால் ஓசையின்றிப் புதிய மாறியொன்றைப் படைத்துவிட்டது. கலிங்கத்துப்பரணியில் களம் கண்டு வந்து கதை சொல்லும் கூளி, இங்கே ஆறு நாள் உழைப்பையும் தின்றுவிட்டு வாய்திறவாமல் இருந்தது. அவர் மூன்று மாலைப்பொழுதுகள் அந்த எட்டு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மிடம் சொன்னது இவ்வளவே: "நமக்கெல்லாம் இது வராது சார்."

லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் னகர ணகர நகரங்களும் பேச்சில் கலந்துபோன ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு, ஒரு பெயரைப் பத்து இடத்தில் பத்து முறையும் சரியாக எழுதுவது சிறு காரியமன்று. எழுத்தறிந்தவர்களுக்கும் இடர் உண்டு. 'ஔவை' என்று ஒருவர் ஔகாரத்தை ஒற்றை எழுத்தாகத் தட்டுகிறார். இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணிப்பொறிக்கு இருவேறு பாட்டிகள். கொகரத்தை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். பைத்தான் 3 இவ்விரண்டையும் ஒன்றெனச் சமன்செய்துகொள்கிறது; ஜாவாஸ்கிரிப்ட் செய்வதில்லை. ஔகாரச் சிக்கலை எந்தச் சமன்செய்தலும் தீர்க்காது, ளகரம் உண்மையாகவே வேறெழுத்து ஆகையால். கண்ணால் தேடிப் பிடிக்க முடியாத பிழையை மொழியேதான் பிடித்துக்கொடுக்க வேண்டும்.

பத்து வரி நிரலுக்கு இவ்வளவு காவல் எதற்கு என்பார்கள் பைத்தான் அன்பர்கள். பிழை தேடித்தரும் துணைக்கருவிகள் உள்ளனவே என்றும் சொல்வார்கள். பழகியவர்களுக்கு அது சரி. முதல் நிரலை எழுதுகிறவரிடம் அக்கருவிகள் இருப்பதில்லை; அவர் எழுதுவதோ பத்து வரிதான். பாயிரமில்லாதது நூலன்று என்ற நன்னூலாரையே சான்றுக்கு அழைத்தார் நம் நண்பர் ஒருவர். நமக்கு அது இழுத்துக் கட்டியதாகப் பட்டது. பாயிரம் வேறு, பெயர்ப்பட்டியல் வேறு.

முழு எண்ணா, மெய்யெண்ணா, சரமா என்று வகையையும் சேர்த்துக் கேட்டால்தான் தொடக்கநிலையாளர் மிரள்வார். பெயரை மட்டும் கேட்கலாம். பள்ளிக் கணக்கு அதைத்தான் கேட்கிறது. தமிழில் வினை இறுதியில் வருவதால் 'கூலி = 0 என்க' என்று எழுதுவதில் உறுத்தலும் இல்லை. 'என்க' இல்லாத வரி, ஏற்கெனவே உள்ள மாறியின் மதிப்பை மாற்ற மட்டுமே உரிமை பெறும். புதிய பெயர் வந்தால் நிரல் நின்று, 'ஏழாம் வரியில் கூளி அறிவிக்கப்படவில்லை. கூலி என்று எழுத நினைத்தீர்களா?' என்று கேட்கும். அருகிலுள்ள பெயரைத் தேடிக் காட்டுவது இன்றைய மொழிகளுக்குக் கைவந்த வித்தைதான்.

'என்க' பிள்ளைகளுக்குப் பழந்தமிழாகத் தோன்றும், 'என வை' போதும் என்கிறார் அதே நண்பர். நம் வாக்கு 'என்க'வுக்கே. எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.