பாறணை இல்லா நோன்பு

யாழ்ப்பாணத்துக்குச் சத்திரசிகிச்சை புதியதன்று. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். அவர் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. அக்காலத்துச் சத்திரவைத்தியம் பெரும்பாலும் புண்ணைக் கீறுவது, முறிந்த என்பைப் பொருத்துவது, கெட்டுப்போன உறுப்பை அகற்றுவது என்னும் அளவில் நின்றது. காயம் ஆறியதும் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையேயிருந்த கணக்குத் தீர்ந்துவிடும்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1966இல், அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை உணவு செல்லும் வழியிலிருந்து விலக்கிவைக்கும் முறையைக் கையாண்டார். இன்று பெருவழக்காயுள்ள மற்றொரு முறையில் இரைப்பையின் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டியகற்றப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழாய்போல் விடப்படுகிறது. இங்கே கத்தி படுவது நோயுற்ற உறுப்பிலன்று, நலமாகவுள்ள இரைப்பையில். ஆகவே காயம் ஆறும் நாளிலே கணக்குத் தீர்வதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது.

தொடக்கம் மகிழ்ச்சி தருவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் பெரிதும் சுரக்கும் பகுதி அகற்றப்படுவதால் பசி அடங்குகிறது. சில பிடி உணவிலே வயிறு நிறைகிறது. மாதந்தோறும் நிறை இறங்குகிறது; பலருக்கு நீரிழிவு மாத்திரைகளும் குறைகின்றன. ஆனால், பல்லாண்டு நோக்கிய ஆய்வு வேறொரு செய்தியையும் சொல்கிறது. சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தபோது, சத்திரசிகிச்சை பெற்றோரிடையே இறப்பு குறைந்திருந்தமை தெரியவந்தது. மேசன் வழிவந்த முறையில் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் நிறையில் 32 வீதத்தை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 வீதமாக நின்றது. நீரிழிவைப் பொறுத்தவரை, 2004இல் வெளியான அறிக்கையின்படி, இரண்டாம் ஆண்டில் 72 வீதமானோர் அந்நோயினின்றும் விடுபட்டிருந்தனர். பத்தாம் ஆண்டில் 36 வீதமானோரே அந்நிலையில் இருந்தனர். பயன் பெரிது, அதைக் காப்பதோ இன்னும் பெரிது என்பதே இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை.

யாழ்ப்பாணத்து வீடொன்றில் வைத்து இதனை எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது வயதை அண்மிய ஒரு பெண். நீரிழிவும் முழங்கால் நோவும் வருத்த, கடல்கடந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருக்கிறாள். ஆறு மாதத்தில் இருபத்தைந்து கிலோ குறைந்துவிட்டது. அயலார் அதனை நலமென்று கொள்வதில்லை. "என்ன பிள்ளை, இப்பிடி வத்திப்போனாய்? ஒரு நீத்துப்பெட்டிப் புட்டைத் தனியச் சாப்பிட்டவளெல்லே நீ?" என்கிறாள் பெரியம்மா. அக்கேள்வியில் பழிப்பு இல்லை, பயமே உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையாக மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்ததையும் கண்ட தலைமுறை அது. மெலிந்த முகம் அதன் நினைவில் பட்டினியின் முகமாகவே பதிந்துள்ளது. கோப்பையில் இன்னுமொரு கரண்டி வைப்பது அத்தலைமுறைக்கு அன்பின் மொழி. அம்மொழிக்கு மறுமொழியாக "போதும் பெரியம்மா" என்று நாள்தோறும் சொல்வது, சத்திரசிகிச்சையைத் தாங்குவதினும் கடினமானது.

உணவின் இயல்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சுருங்கிய இரைப்பை, திண்மையான உணவுக்குத்தான் தடை போடும். குழைவானதும் நீர்த்ததும் அதனை எளிதில் கடந்துவிடும். சொதி விட்டுக் குழைத்த புட்டும் இடியப்பமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். அரை மணியில் மீண்டும் இடம் கிடைக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்து ஐஸ்கிறீமுக்கும் சீனி கரைத்த பாற்தேநீருக்கும் தடையே இல்லை. இரைப்பையை விலக்கிவைக்கும் முறையில் சிகிச்சை பெற்றவரோ இனிப்பை மிகுதியாக உட்கொண்டால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலைசுற்றி வருந்தவும் நேரும். ஆகவே கோப்பையில் ஒழுங்கு மாறவேண்டும். முதலில் மீன், முட்டை, கடலை, பயறு போன்ற புரத உணவு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் தேவையென்பர். அடுத்து முருங்கையிலை வறை போன்ற கறிவகை. ஈற்றிலேதான் சோறோ புட்டோ. உணவோடு நீர் அருந்தலாகாது. மென்று மெல்ல உண்ணவேண்டும். இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவற்றை வைத்தியர் சொற்படி வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டும். இரத்தப் பரிசோதனையையும் தவறவிடலாகாது.

இத்தகைய கட்டுப்பாடு சைவ மரபில் வளர்ந்தவர்களுக்கு அந்நியமானதன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்போரை இங்கு ஊர்தோறும் காணலாம். ஆனால், அந்நோன்புக்கு எல்லை உண்டு. ஏழாம் நாள் பாறணை. பல கறிகளோடு இலை விரியும். பட்டினியைத் தாங்கும் மனம், பாறணை வருமென்ற உறுதியாலேயே தாங்குகிறது. இரைப்பைச் சிகிச்சை பெற்றவர் இதே மனத்தோடு தம் உணவைக் கட்டுப்படுத்துவாராயின் இடர் அங்கேதான் பிறக்கிறது. உடை தளர்ந்து, அளவீடு நன்றாயிருக்கும் நாள் ஒன்றில், 'இனிக் குற்றமில்லை' என்னும் பாறணை மனத்தில் தானே விரிந்துவிடும். இவ்வுணவு முறைக்கு ஏழாம் நாள் இல்லை. இதனை நோன்பாக அன்றி, காலையில் பல் துலக்குவதுபோன்ற நாட்கடனாகக் கொள்வோரே நிலைக்கின்றனர்.

அதேவேளை, நிறை சிறிது மீள்வது ஒழுக்கக்கேடன்று. இழந்த நிறையை மீட்க உடல் தானே முயல்கிறது; முன்னையினும் குறைந்த சக்தியைச் செலவிட்டுச் சிக்கனம் பிடிக்கிறது. பஞ்சத்தில் உயிர்காத்த அவ்வியல்பு இங்கே பகையாகிறது. அதற்கு ஈடுசெய்ய உடலுழைப்பு வேண்டும். எரிபொருள் கிட்டாத காலத்தில் குடாநாடு முழுவதும் சைக்கிளிலே ஓடியது. இன்று சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் போகிறது. வற்புறுத்தலால் ஓடிய சைக்கிளை விருப்பத்தோடு மீண்டும் எடுப்பதற்குச் சமதரையான இக்குடாநாட்டினும் ஏற்ற நிலம் அரிது.

நாலைந்து கிலோ கூடியதும் வெட்கி, வைத்தியரிடம் போகாது ஒளிப்பதே பெருந்தவறு. சிகிச்சை நிலையத்துக்கு மீளச் செல்லவேண்டிய நேரம் அதுவே. வீட்டாரும் தம் பங்கை அறிதல் வேண்டும். ஒருத்திக்கு மட்டும் வேறு கோப்பை வைத்து, மற்றவர் பழையபடி உண்பதாயின், அவள் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவாள். பெரியம்மாவும் புட்டைக் குறைத்து, மீன்துண்டை முதலில் வைக்கப் பழகலாம். அன்பு குறையவேண்டியதில்லை, அது பரிமாறும் கரண்டி சிறுத்தால் போதும்.