ரப்பர் வேகவில்லை

எங்கள் கல்லூரியில் வணிகவியல் வகுப்பறைக்கும் வேதியியல் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே நிற்பது ஒரு வேப்பமரமே. ஆயினும் மூன்றாண்டுகளாக நாங்கள் அம்மரத்தைக் கடந்ததில்லை. விஞ்ஞானம் கண்டுபிடிக்கும், வணிகம் அதனை விற்கும் என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது.

அவ்வெண்ணத்தோடுதான் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்காக இராயபுரத்தில் நண்பர் ஒருவரின் தந்தையார் நடத்திவரும் டயர் ரீட்ரெடிங் பட்டறைக்குச் சென்றோம். தேய்ந்த டயரின்மேல் புது ரப்பரைப் பொருத்தி, அச்சிலிட்டு வேகவைக்கும் தொழில் அது. கணக்கேடுகளைப் புரட்டினோம், மின்கட்டணம் கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு டயரும் அச்சில் கிடக்கும் நேரத்தைக் கால்பங்கு குறைத்தால் மாதந்தோறும் எவ்வளவு மிஞ்சும் என்று வரைபடமே தீட்டிக் கொடுத்தோம். படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே என்று அவரும் இசைந்தார்.

இரு வாரங்களுக்குள், எண்ணூர்ச் சாலையில் ஓடும் லாரிகளிலிருந்து மூன்று டயர்கள் மேற்பட்டை உரிந்து திரும்பி வந்தன. இறையருளால் எவருக்கும் காயமில்லை. அவர் உரிந்த பட்டையை விரலால் அழுத்திக் காட்டி, "ரப்பர் வேகலை தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள்தான் வேப்பமரத்தைக் கடந்தோம். வேதியியல் பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். வெப்பத்தில் கந்தகம், ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கிடையே பாலம் கட்டுகிறது. அதற்குரிய நேரத்தைக் குறைத்தால் பிடிப்பு இராது, கூட்டினாலும் ரப்பர் கெடும். 1839-இல் இவ்வுண்மையைக் கண்ட சார்லஸ் குட்இயர் 1860-இல் கடனாளியாகவே மறைந்தார். (அவர் பெயர் தாங்கிய டயர் நிறுவனம் 1898-இல் பிறர் தொடங்கியது!)

இக்கதையின் மறுபக்கம் நாங்கள் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் திருவொற்றியூரிலேயே இருந்தது. 1946-இல் அங்கொரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் ரீட்ரெடிங்குக்கான மேற்பட்டை ரப்பர்; அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு டயர்; 1967-இல் அந்த அமெரிக்காவிற்கே எம்.ஆர்.எஃப். டயர் ஏற்றுமதி. எங்கள் பாடக் குறிப்புகளில் இது சந்தை விரிவாக்கத்திற்கான எடுத்துக்காட்டு. ஆனால் பலூனிலிருந்து டயருக்குச் செல்லும் வழி கந்தகத்தின் அளவு, கரித்தூள், வெப்பம், நேரம் ஆகியவற்றின் வழியன்றோ? அதனை எங்கள் குறிப்பேட்டில் எங்கும் காணோம்.

பட்டறையில் பழைய நேரமே மீண்டும் வழக்கத்திற்கு வந்தது. கட்டுரையில் அந்த வரைபடத்தை நீக்கிவிட்டோம். மதிப்பெண் சற்றுக் குறைந்தது. பழுதான மூன்று டயர்களுக்கான பணத்தை அப்பெரியவர் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் இன்னும் கொடுக்கவில்லை.